புல்தரை அண்ணாச்சி

இலத்தூர்ப் பக்கம் புதிதாக எழும்பும் வீடுகளில் ஒன்றிலாவது ஒரு புல்தரை அண்ணாச்சி இருப்பார். காலமெல்லாம் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றதும் "சொந்த மண்ணே தனி" என்று வந்து இறங்கியவர். இறங்கிய கையோடு, அந்த மண் கண்ணில் படாதபடி ஒரு சென்ட் நிலத்தில் மெக்சிகன் புல்லைப் பதித்துவிட்டார்.

அதை ஆடு மேயக் கூடாது; கோழி கிளறக் கூடாது; லீவுக்கு வரும் பேரன் பந்து விளையாடக் கூடாது. விருந்தாளி ஓரமாக நடந்து வந்து, வராந்தாவில் நின்றபடி, "ஜம்முனு இருக்கு அண்ணாச்சி" என்று சொல்ல வேண்டும். புல்லின் ஒரே உபயோகம் அதுதான். நடுவில் தலைகாட்டும் அருகம்புல்லைக் களை என்று வேரோடு நோண்டி எறிவார். எறிந்த கையைக் கழுவிவிட்டு, பஜாருக்குப் போய் அருகம்புல் சாறு வாங்கிக் குடிப்பார், ரத்தம் சுத்தமாகுமாம்.

போர் தண்ணீர் உப்பு, புல் நுனி கருகிவிடும் என்பது அவர் கட்சி. ஆகவே பஞ்சாயத்துக் குழாயில் விடியக்காலை வரும் நல்ல தண்ணீர்தான். தெருவில் குடங்கள் வரிசை கட்டும்போது காம்பவுண்டுக்குள் மோட்டார் உறுமும். கேட்டால், "அது பிரிட்ஜ் சத்தம்."

கோடையில் ஒரு சென்ட் புல் நாளுக்குச் சுமார் 200 லிட்டர் குடிக்கும். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆள் ஒருவருக்குக் கணக்கு 55 லிட்டர். ரேஷன் கார்டில் பெயரில்லாமல் ஏறக்குறைய நாலு பேர் அண்ணாச்சி வீட்டில் குடியிருக்கிறார்கள்.

ஆனி பிறந்து குற்றாலச் சாரல் இந்தப் பக்கம் தூவும்போதும் ஒரு கையில் குடை, மறு கையில் ஹோஸ். "சாரல் மேலாப்புலதான் நனைக்கும் வே! வேருக்கு நாமதான் ஊத்தணும்."

2024 மார்ச்சில் பெங்களூர் குடிநீர் வாரியம், குடிநீரைத் தோட்டத்துக்கு விட்டால், கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. பழைய சிநேகிதர்களுக்குப் போன் போட்டுத் துக்கம் விசாரித்தார். "நம்ம ஊர்ல இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது." வாஸ்தவம். குளத்து மடைக்கு நீர்ப்பாய்ச்சி உண்டு, வயலுக்கு முறை உண்டு. ராத்திரியில் வாய்க்காலைத் திருப்பியவன் பேர் தலைமுறைக்கும் நாறும். பார்க்க மட்டும் வளர்க்கிற புல்லுக்கும் முறை வைக்க வேண்டிவரும் என்று எந்தப் பெரியவருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு லாஸ் வேகாஸிலிருந்து மகள் வீடியோ காலில் வந்தாள். "இங்க கடை, ஆபீஸ் வாசல்ல அழகுக்கு இருக்கிற புல்லுக்கு 2027லேருந்து கொலராடோ ஆத்துத் தண்ணி கிடையாதுன்னு 2021லயே சட்டம் போட்டுட்டாங்கப்பா. வீட்டுக்காரங்க தானாப் பிடுங்கினா சதுர அடிக்கு இத்தனை டாலர்னு காசே குடுக்காங்க."

அண்ணாச்சி ஒரு சென்ட்டை 435 சதுர அடியாக்கி, டாலரால் பெருக்கிப் பார்த்தார். மறுநாள் பஞ்சாயத்து ஆபீஸில் முதல் ஆள் அவர்தான்.

"தம்பி, புல்லைப் பிடுங்கினா நம்ம பஞ்சாயத்துல என்ன ரேட்டு?"

"புல்லுக்கு ஒண்ணும் வரலை அண்ணாச்சி. மோட்டாரைப் பிடுங்கத்தான் உத்தரவு வந்திருக்கு. எப்ப வரட்டும்?"