குபேர் சாலையில் காலை நடை

தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர். பென்ஷன் பிரான்சிலிருந்து வந்ததால் பிரெஞ்சுக்காரனை ஒரு சொல் திட்டமாட்டார். புதுச்சேரி உப்பளத்து வீட்டுத் திண்ணையில் அவர் வாய் நிறையத் திட்டியதெல்லாம் எதுவார் குபேரைத்தான்.

காரணம் இருந்தது. பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் குபேர், 1951இல் பாரிஸ் நாடாளுமன்றம் வரை போனவர், பிரான்சின் ஆள். 1954 மார்ச்சில் அப்படியே இந்தியா பக்கம் திரும்பினார். நெட்டப்பாக்கத்தில் கொடி ஏற்றித் தற்காலிக அரசும் அமைத்துவிட்டார். பிரெஞ்சு அரசின் விசாரணை அவரை நெருங்கியதால்தான் தேசபக்தி பொங்கியது என்று எதிரிகள் பேசினார்கள். அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைப்புக்கு வாக்களித்தார்கள். 1963இல் குபேர் முதலமைச்சர்.

"மனசாட்சி கெட்ட பய" என்பார் தாத்தா. அவர் பேசி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். ஊர் ஆற்றிக்கொண்டது வேறு விதமாக: கடற்கரைச் சாலைக்கே குபேர் பெயரை வைத்துவிட்டோம். காலையில் அங்கே நடந்துதான் நான் சர்க்கரையைக் குறைக்கிறேன்.

இப்போதைய கதைக்குத் திண்ணை தேவையில்லை, டிவி போதும். 2021 பிப்ரவரி 21, ஞாயிற்றுக்கிழமை. காங்கிரஸின் லட்சுமிநாராயணனும் தி.மு.க.வின் வெங்கடேசனும் எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்தார்கள். அதற்கு முன்பே காங்கிரஸில் நான்கு பேர் போயிருந்தார்கள். திங்கள்கிழமை நாராயணசாமி அரசு கவிழ்ந்தது. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்தால்தான் குற்றம்; நிறுத்தத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் என்ன கேட்பார்? ஜனவரியில் காங்கிரஸ் அமைச்சர் பதவியை விட்டு பா.ஜ.க.வுக்குப் போன நமச்சிவாயம், தேர்தலுக்குப் பின் வந்த ரங்கசாமி அமைச்சரவையில் உள்துறை அமைச்சரானார். லட்சுமிநாராயணன் ரங்கசாமியின் என்.ஆர். காங்கிரஸில் சேர்ந்து பொதுப்பணித் துறைக்கு வந்தார். அந்த ரங்கசாமியே காங்கிரஸிலிருந்து வெளியேறி 2011இல் தனிக்கட்சி கண்டவர்தான்.

குபேருக்குத் திட்டவாவது ஆள் இருந்தது. ராஜினாமா செய்தி வந்த அன்று எங்கள் தெரு டீக்கடையில் ஒருவர்கூட மனசாட்சியைப் பற்றிப் பேசவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும் செய்தித்தாளை மடித்துவிட்டுக் கேட்டார்:

"அதெல்லாம் சரிப்பா, எந்தத் துறை தர்றதா பேச்சு?"