மேடைக்குத் தள்ளப்படுபவர்: வெக்ஸ்போர்டை முன்வைத்து ஓர் ஆய்வு

முயல் தொப்பிக்குள் எப்படிப் போனது என்பதை விளக்க நூல்கள் உண்டு. சித்தப்பா மேடைக்கு எப்படிப் போனார் என்பதை விளக்க ஒன்றும் இல்லை. "யாராவது ஒருத்தர் மேலே வாங்கோ" என்று வித்தைக்காரர் அழைத்ததும் கூட்டத்தில் நிகழும் அமளியை அறிஞர் உலகம் இதுவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அக்குறையைப் போக்க ரொறொன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதி வாகான களம். லாரன்ஸ் அவென்யூவின் ஒரு பகுதியை மறித்து ஆண்டுதோறும் நடக்கும் 'டேஸ்ட் ஆஃப் லாரன்ஸ்' தெருவிழா அங்கே உண்டு. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வித்தைக்காரரை அழைக்கும் வீடுகளும், வெக்ஸ்போர்டை உள்ளடக்கிய ஸ்காபரோவில் உண்டு. என் முடிபு இது: சிரிப்பு மாயவித்தையின் மூலப்பொருள் வித்தைக்காரரின் கைவேகம் அன்று, மேலே ஏறியவர், ஊர் பார்க்கிறதே என்று, இறங்க மாட்டாமல் நிற்கும் மரியாதை.

முதற்சான்று அல்ஜீரியாவில் கிடைக்கிறது. 1856இல் பிரெஞ்சு அரசு அனுப்பி அங்கு சென்ற வித்தைக்காரர் ரோபேர் ஊடேன், ஒரு பலசாலியை மேடைக்கு அழைத்துச் சிறு பெட்டியொன்றைத் தூக்கச் சொன்னார். முதலில் அது பூப்போல எழும்பியது. அடியில் இருந்த மின்காந்தத்தை இயக்கியதும் அசைய மறுத்தது. பெட்டியைப் பிடித்துவைத்தது மின்காந்தம், சரி. அந்த மனிதரைப் பெட்டியோடு பிடித்துவைத்தது எது? கைப்பிடியில் மின்சாரம் பாய்ந்த பிறகுதான் அவர் ஓடினார். மானம் போய்க்கொண்டிருந்தபோது அசையவே இல்லை. நம் தெருவித்தைக்காரர்களான மோடி மஸ்தான்களோ இதே உண்மையை மின்காந்தச் செலவின்றி அறிந்திருந்தார்கள். பாதியில் கலைந்து போகிறவன் இரத்தம் கக்குவான் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான், சந்தியில் நின்ற கூட்டம் முழுவதும் மேடையேறாமலே ஆட்டத்தில் சேர்ந்துவிடும். கடைசிவரை நடக்காத பாம்பு-கீரிச் சண்டைக்காக வெயிலில் நின்ற தலைமுறைகளைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

மேலே வருபவர் முன்பே பேசிவைத்த கையாள்தானே என்பர் சிலர். ஊர் பேர் தெரியாத கூட்டத்தில் அது செல்லுபடியாகலாம். ஒரு தமிழ்ப் பிறந்தநாள் விழாவிலோ, மேலே நிற்பவர் யாருடைய மருமகன், எந்த ஊர், எவ்வளவு கடன் என்பதுவரை மண்டபத்துக்கே தெரியும். கையாளாகும் தகுதியை அவர் பிறப்பிலேயே இழந்தவர். பிள்ளைகள் தாமாகவே கையுயர்த்துகிறார்களே என்பது அடுத்த மறுப்பு. இது கனமானது. ஆனால் பிள்ளையைக் கூப்பிட்டால் வித்தைதான் நடக்கும், சிரிப்பு வராது. காதுக்குப் பின்னாலிருந்து காசு எடுத்தால் பிள்ளை மகிழ்ந்துவிடுகிறது. அதே காசை அத்தானின் மூக்கிலிருந்து எடுக்கும்போதுதான் மண்டபம் அதிர்கிறது. அவரை முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்ட மச்சான் எல்லோரையும்விட உரக்கச் சிரிக்கிறார்.

கனடாவில் இந்த மரியாதைக்கு மவுசு கூடியதற்கு நாணயத்தாளும் ஒரு காரணமாகலாம் என்பது என் ஊகம். 2011 முதல் இங்கே தாள்கள் பொலிமருக்கு மாறின. இரவல் வாங்கிய காகித நோட்டைக் கிழித்து எரித்து, எலுமிச்சம்பழத்துக்குள் மீட்டெடுக்கும் பழைய வித்தைக்குப் பிளாஸ்டிக் தோதானதல்ல: எளிதில் கிழியாது, நெருப்பில் சுருண்டு நாறும். ஆகவே கல்யாண மோதிரத்தைக் கேட்பதே புத்தி. நோட்டுத் தொலைந்தால் ஒருவர் முகம்தான் வாடும். மோதிரம் தொலைந்தால் மூன்றாம் வரிசையில் இருக்கும் மனைவியின் முகமும் காட்சியில் சேர்கிறது. அத்தானுக்கோ மோதிரத்தைத் திருப்பிக் கேட்கவும் கூச்சம், கேட்காமல் கீழே இறங்கவும் பயம். மோதிரத்தை எலுமிச்சம்பழத்தில் காட்டுவதா, மட்டன் ரோலில் காட்டுவதா என்பது வித்தைக்காரரின் விருப்பம். அத்தான் சைவமாயின் ரோலே உத்தமம்.