குனிந்து வளரும் மேப்பிள்: கேள்வி-பதில்

கே: ஜப்பானியக் குட்டை மேப்பிள் வாங்கி நட்டேன். கிளையெல்லாம் தொங்குகிறது. தண்ணீர் போதவில்லையா?

ப: பிறவிக்குணம்! ‘டிசெக்டம்’ வகையின் கிளைகள் பக்கவாட்டில் படர்ந்து கீழே வழியும். தண்ணீரைக் கொட்டி நிமிர்த்தப் பார்த்தால் வேர்தான் அழுகும்.

கே: எவ்வளவு வளரும்?

ப: பத்து வருடத்தில் நாலைந்து அடி உயரம். அகலம் அதற்கும் மேல். சுவரை ஒட்டி நட்டுவிட்டுப் பிறகு சுவரோடு சண்டை போடாதீர்கள்.

கே: என் சிவப்பு மேப்பிளின் அடியிலிருந்து பச்சைக் கிளை ஒன்று மளமளவென்று வளர்கிறது. சந்தோஷப்படலாமா?

ப: முதலில் கத்தரியை எடுங்கள்! உங்களுடையது ஒட்டுச்செடி. மேலே ‘கிரிம்சன் குயின்’ போன்ற சிவப்பு வகை மகாராணி. கீழே வேர் கொடுத்தது சாதாரணப் பச்சை மேப்பிள். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதெல்லாம் அந்த வேரின் வாரிசு. மகாராணியைவிட வேகம் அதிகம். விட்டுவைத்தால் வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

கே: ஜூலையில் இலை நுனி கருகுகிறது. உரம் போடட்டுமா?

ப: நிழல் போடுங்கள். காலை வெயில் அதற்கு விருந்து, பிற்பகல் வெயில் தண்டனை.

கே: எப்போது கத்தரிக்கலாம்?

ப: இலை உதிர்ந்த குளிர்காலத்தில். வசந்தத்தில் வெட்டினால் சாறு ஒழுகும். உள்ளே காய்ந்த குச்சிகளைக் களைந்தாலே முறுக்கிய தண்டு வெளியே தெரியும். அமெரிக்காவின் போர்ட்லண்ட் ஜப்பானியத் தோட்டத்தில் ஒரு மேப்பிளைப் படமெடுக்க இலையுதிர் காலத்தில் கேமராக்காரர்கள் வரிசை கட்டி மண்டியிடுகிறார்கள். எல்லாம் அந்த முறுக்குக்காகத்தான்!

கே: ஜப்பானிய மேப்பிளுக்கு ‘ஏசர் பால்மேட்டம்’ என்று பெயர் வைத்தவர் யார்?

ப: ஸ்வீடன்காரர் துன்பெர்க், 1784-இல். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக 1775-இல் நாகசாகி போனார். அங்கே கம்பெனிக்காரர்கள் டெஜிமா என்ற குட்டித் தீவைவிட்டு நினைத்தபடி வெளியே போக முடியாத காலம் அது. ஆடுமாடுகளுக்கு வந்த தீவனத்தைக் கிளறியே செடி பொறுக்கினார். ஆர்வம் இருந்தால் மாட்டுத்தீனியும் தாவரவியல்தான், ஐயா!

கே: இலையைத் தின்னலாமா?

ப: ஒசாகா பக்கம் மினோ ஊரில் மேப்பிள் இலையை உப்பில் ஊறவைத்து, மாவில் தோய்த்துப் பொரித்து விற்கிறார்கள். அங்கே போய்ச் சாப்பிடுங்கள். உங்கள் குட்டையனை மொட்டையடிக்காதீர்கள்.

கே: சென்னை மொட்டைமாடியில் வளருமா?

ப: வேண்டாம். குளிரில் இலை உதிர்த்து உறங்கி எழுந்தால்தான் அது செழிக்கும். அந்தக் குளிருக்குச் சென்னையில் எங்கே போவது? காசைக் கரியாக்காமல் ஒரு செம்பருத்தி வையுங்கள்.