தட்டியும் திறவாத கலங்கள்

பெறுநர்: தோட்டக் குடும்பங்களின் விவரம் திரட்டும் விரிதாளை வடிவமைத்து, பூட்டி, கடவுச்சொல்லைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கும் மேன்மைதங்கிய அலுவலகம்.

விடயம்: எல்லப் பிரதேசத் தோட்டங்களிலிருந்து விரிதாள் நிரப்பப்படாமலே திரும்பி வருதல்.

நிரைகளும் நிரல்களும் சந்திக்கும் இடங்களில் அமைந்த ‘கலம்’ எனப்படும் சிறு பெட்டிகளில் தகவலை இட்டுக் கணக்குப் பார்ப்பதற்கான ஏடே விரிதாள் என்று பாடநூல்கள் கூறும் இலக்கணத்தை ஒருபடி தாண்டி, தகவல் எதுவும் உள்ளே நுழைந்துவிடாதபடி காப்பதில் மேன்மைதங்கிய அலுவலகத்தின் விரிதாள் அடைந்திருக்கும் முழுமை முதற்கண் பாராட்டப்பட வேண்டியதாகும். 1979 இல் டான் பிரிக்லினும் பொப் பிராங்ஸ்டனும் விசிகால்க் என்னும் மென்பொருளை வெளியிட்டபோது, ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எண்கள் யாவும் தாமே மாறிக்கொள்ள வேண்டும், எழுதுபவர் எத்தனை முறையும் மாற்றிப் பார்க்கலாம் என்பதே அவர்களது நோக்கமாக இருந்தது. அந்தப் பொறுப்பற்ற தாராளத்தைத் திருத்தும் பணி பிற்கால அலுவலகங்களுக்கென்றே விடப்பட்டது போலும்.

கலம் எழுத்தை ஏற்க மறுத்தபோது தோட்டக் காரியாலயத்துக் கிளாக்கர் எடுத்த எடுப்பிலேயே மேலிடத்தைக் குறை கூறிவிடவில்லை என்பது இங்கே பதிவாக வேண்டும். தேயிலைத் தூசு படிந்த விசைப்பலகை கவிழ்த்துத் தட்டப்பட்டது; வலப்பக்க எண் விசைகள் எண்களைத் தராமல் திசை விசைகளாக நடந்துகொள்ளக் காரணமாகும் எண்பூட்டு விசை சரிபார்க்கப்பட்டது; ஏதேனும் ஓர் உரையாடல் பெட்டி வேறொரு சாளரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு பதிலுக்காகக் காத்திருக்கிறதா என்று தேடப்பட்டது; மின்னஞ்சலில் வரும் கோப்புகளை ஐயத்துடன் நோக்கி வாசிக்க மட்டும் அனுமதிக்கும் ‘பாதுகாக்கப்பட்ட காட்சி’யின் மஞ்சள் பட்டையில் இருந்த பொத்தான் பணிவுடன் அழுத்தப்பட்டது; மென்பொருளின் சந்தா முடிந்துபோனால் அது பார்க்கக் காட்டுமேயன்றி எழுத விடாது என்பதால் அதுவும் விசாரிக்கப்பட்டது. இவை அனைத்தும் சரியாக இருந்த பின்னரே குற்றம் கணினியில் இல்லை, கொள்கையில் இருக்கிறது என்ற முடிவுக்கு வர நேர்ந்தது.

இவ்விரிதாள் அமைந்திருக்கும் எக்செல் மென்பொருளில் ஒவ்வொரு கலமும் பிறக்கும்போதே ‘பூட்டப்பட்டது’ என்ற பண்புடன்தான் பிறக்கிறது. ஆயினும் தாளுக்குப் பாதுகாப்பு இடப்படும்வரை அந்தப் பூட்டு வேலை செய்யாது. ஆகவே தாளைப் பாதுகாக்க விரும்புபவர், மற்றவர்கள் நிரப்ப வேண்டிய கலங்களை முன்கூட்டியே திறந்துவைத்து அதன் பிறகே பாதுகாப்பை இட வேண்டும் என்பது தொடக்கநிலை மாணவர்க்கும் கற்பிக்கப்படும் பாடமாகும். மேன்மைதங்கிய அலுவலகம் முதற்படியைத் தவிர்த்து இரண்டாம் படியை மட்டும் நிறைவேற்றியிருப்பதால், நிரப்பி அனுப்புமாறு பணிக்கப்பட்ட கலங்களிற் பெரும்பாலானவை, நிரப்பக் கூடாத கலங்களாகவும் இருக்கின்றன.

தப்பித் திறந்து கிடக்கும் சில கலங்களை ‘தரவு வலிதாக்கல்’ காவல் புரிகிறது. ஒரு கலத்தில் எவ்வகை விடை இருக்கலாம் என்று வடிவமைத்தவர் முன்கூட்டியே வகுத்துவிட, அதற்குப் புறம்பானதை மென்பொருள் திருப்பியனுப்பும் ஏற்பாடே அது. முகவரி என்ற தலைப்பின் கீழ் வீட்டு இலக்கமும் வீதியின் பெயரும் கட்டாயம் என வகுக்கப்பட்டிருப்பதால், ‘மேற்பிரிவு, 5 ஆம் இலக்க லயம்’ என்று எழுதுவது பிழையாகக் கருதப்படுகிறது. லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த தோட்டக் குடியிருப்பு. அதற்கு வீதி இல்லை, வருகிற கடிதமும் காலங்காலமாகத் தோட்டக் காரியாலயம் வழியாகவே வந்துசேர்கிறது. 1921 இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வரும் வெளிநாட்டார் தங்கும் அறை எல்லவின் எந்தச் சரிவில் இருந்தாலும் கைப்பேசி வரைபடம் அவரை வாசற்படி வரை கொண்டுவந்து விடுகிறது. அதே சரிவில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவரின் கதவுக்கு இலக்கம் இல்லை. விரிதாள் திருந்தப் போவதில்லை என்றால், ஒவ்வொரு லயக் கோடியிலும் வீதிப் பெயர்ப்பலகை ஒன்றை நட்டுவிடுவது செலவு குறைந்த வழியாக இருக்கலாம். வீதி பிறகு வந்தாலும் போதும்.

இந்தக் காவலில் ஒரு வேடிக்கையும் உண்டு. தட்டெழுதினால் மறுக்கப்படும் அதே சொற்களை வேறோரிடத்தில் எழுதி, நகலெடுத்து, கலத்தில் ஒட்டினால் வலிதாக்கல் வாய் திறப்பதில்லை, ஏனெனில் நேரே தட்டப்படுவதை மட்டுமே அது சோதிக்கிறது. முன்வாசலில் வருபவரை நிறுத்திவைத்துப் பின்வாசலில் வருபவரைக் கேள்வியின்றி விடும் வழக்கம் மென்பொருளுக்கும் எங்கிருந்தோ தொற்றியிருக்கிறது.

பிறந்த திகதிக்குரிய நிரல் தனியாக ஆராயத்தக்கது. எக்செல் 1900 ஜனவரி 1 க்கு முற்பட்ட எதையும் திகதியாக ஒப்புக்கொள்வதில்லை. மன்னார் வழியே கால்நடையாக வந்து கோப்பித் தோட்டங்களில் குடியேறியவர்களின் நூற்றாண்டும், எல்ல அடங்கிய ஊவா மாகாணம் உருவான 1886 ஆம் ஆண்டும் அதன் கணக்கில் வெறும் எழுத்துக் கோவைகளே. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், ஒருவரின் தந்தை, அல்லது பாட்டனும் பூட்டனும், இலங்கையில் பிறந்தவர்கள் என்பதற்கு ஆதாரம் கேட்டு மலையகத்தாரை நாடற்றவராக்கியதையும், எஞ்சியோருக்கு உரிமை வழங்க 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்ததையும் எண்ணிப் பார்த்தால், பூட்டனின் பிறப்பை ஏற்காத மென்பொருளுக்கு இந்நாட்டில் முன்னுதாரணம் இல்லையென்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதே எக்செல், லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளுடன் ஒத்துப்போகும் பொருட்டு, உலக நாட்காட்டியில் இல்லவே இல்லாத 1900 பெப்ரவரி 29 ஐத் தயக்கமின்றி ஏற்றுக்கொள்கிறது. அந்நாளில் பிறந்ததாக அறிவித்துக்கொள்ளும் முதியவர்களுக்கு எவ்வித இடையூறும் இராது.

அடையாள அட்டை இலக்கத்தின் கதை சிறியது. 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணை அப்படியே தட்டினால், பதினொன்றுக்கு மேற்பட்ட இலக்கங்களைப் பொது வடிவத்தில் சுருக்கிக் காட்டும் எக்செல் அதை அறிவியற் குறியீடாக்கி, கொழுந்து பறிக்கும் பெண் ஒருவரை விண்மீன் தூரத்தைப் போலக் காட்டுகிறது. கலத்தை முன்பே ‘உரை’ என்று அமைத்திருந்தால் இது நேராது.

பெயரைத் தமிழில் எழுதுவோருக்கு வேறொரு தடை. 1987 இன் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியிருப்பினும், காரியாலயக் கணினிகள் பலவற்றில் இன்றும் ஆட்சி செலுத்துவது பாமினி எழுத்துருவே. அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்துவது. கிளாக்கரின் கண்ணுக்கு ‘எல்ல’ என்று தெரிவது கணினிக்கு வீ, வை, அரைப்புள்ளி, வை என்ற நான்கு ஆங்கிலக் குறிகள் மாத்திரமே. ஒருங்குறியில் அமைந்த ஊர்ப்பெயர்ப் பட்டியலோடு அவை ஒருநாளும் பொருந்தா என்பதால், எல்லவில் இருந்துகொண்டே எல்ல என்று எழுதுபவரை விரிதாள் அவ்வூரார் அல்லர் எனத் தீர்ப்பளிக்கிறது.

இவ்வளவு முறையீட்டுக்கும் இடையே ஒரேயொரு நிரல் தோட்டத்தாரின் உள்ளத்தைக் கவர்ந்திருக்கிறது. மாத வேலைநாட்களுக்கான நிரலில் முழு எண் மட்டுமே ஏற்கப்படும் என வகுக்கப்பட்டிருக்கிறது. தோட்டக் கணக்கில் ஒரு நாள் வேலை ‘பேர்’ எனப்படும். குறித்த கிலோக் கொழுந்தைப் பறித்தவருக்கு முழுப்பேர், மழையிலோ மலைச்சரிவிலோ நாள் முழுக்க நின்றும் அவ்வளவு சேராதவருக்கு அரைப்பேர் என்று செக்ரோலில், அதாவது வேலைப்பதிவேட்டில், விழுவது வழக்கம். பதினேழரைப் பேர் பெற்ற ஒரு பெண்ணின் கணக்கைக் கிளாக்கர் அப்படியே தட்டியபோது, அரை நாள் என்ற ஒன்று இருக்க இயலாது என்னும் பொருள்பட விரிதாள் அதைத் திருப்பியனுப்பியது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கப்படும் பெரட்டுக் களத்தில் தொழிலாளர் நெடுங்காலம் வாதிட்டும் நிறுவ முடியாத உண்மை இது.

ஆதலால் மற்றக் கலங்களைத் திறந்துவிடும்போது இந்நிரலின் காவலை மட்டும் எக்காரணம் கொண்டும் அகற்ற வேண்டாம் எனவும், இயலுமாயின் அதன் பிரதியொன்றைத் தோட்டத்துச் செக்ரோலுக்கும் பொருத்தி, கடவுச்சொல்லைத் துரைமாருக்குத் தெரிவிக்காதிருக்க ஆவன செய்யுமாறும் மேன்மைதங்கிய அலுவலகம் பணிவுடன் வேண்டப்படுகிறது.

இவ்வண்ணம்,
எல்லப் பிரதேசத் தோட்டக் குடும்பங்கள்
(மறுமொழி: தோட்டக் காரியாலயம் வழியாக)