கதவு தட்டிய ஆமி

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை அந்த ஊர் மீனவர்கள் கரைசேர்த்தார்கள். மறுவருடம் நான் மிராபெல் விமான நிலையத்தில் வந்திறங்கினேன். அகதிக் கேஸைப் பதிந்துவிட்டு, மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் பெடியங்களோடு ஒரே அறையில் படுத்தெழும்பி, இரவில் றெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினேன். பிறகு கலியாணம், பிள்ளைகள். 1997இல் கியூபெக் அரசாங்கம் நாளுக்கு 5 டொலரில் பிள்ளைப் பராமரிப்பைத் தொடங்கியதால்தான் மனைவியால் ஷபனெல் தெருத் தையல் ஆலைக்கு வேலைக்குப் போக முடிந்தது.

அந்த வருடங்களில் ஐ.நா.வின் மனித மேம்பாட்டுப் பட்டியலில் கனடாதான் முதலிடம். பிரதமர் க்ரெத்தியன் மேடைக்கு மேடை அதைச் சொல்வார். ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற கணக்கு அது. இலங்கையும் அந்தக் கணக்கில் தன் அயல்நாடுகளைவிட மேலே நின்றது. 1945இலிருந்து இலவசக் கல்வி, காசு கேட்காத அரசாங்க ஆஸ்பத்திரி. பொய்யில்லை, நானே அந்த இலவசப் படிப்பில் வளர்ந்தவன்.

ஆனால் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் அக்கா வீட்டில் 1990இல் போரோடு போன கரண்ட் வருடக்கணக்காகத் திரும்பவில்லை. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் தங்க விலை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, எண்ணெயைக் கொஞ்சமாக ஊற்றி, கம்பியில் திரியை நிறுத்திக் கொளுத்துவார்கள். மருமகள் ஓ.எல். சோதனைக்குப் படித்தது அந்த வெளிச்சத்தில். செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்றுவார், டைனமோவில் ரேடியோ பேசும். நாட்டின் சராசரியை எவ்வளவு கவனமாகக் கூட்டினாலும் அந்தப் போத்தல் விளக்கு அதில் தெரியாது.

1998 ஜனவரியில் எங்களுக்கும் இருட்டு வந்தது. ஐந்தாறு நாள் விடாமல் பெய்த மழை விழுந்த இடத்திலேயே உறைந்து, ஹைட்ரோ கியூபெக்கின் இரும்புக் கோபுரங்களையே முறித்துப் போட்டது. மாகாணத்தில் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கரண்ட் இல்லாமல் இருந்தார்கள். உதவிக்கு ஆமியை இறக்கினார்கள்.

எங்களோடு அப்போது மனைவியின் அம்மம்மா இருந்தார். 1996இல் யாழ்ப்பாணத்தில் ஆமி பிடித்துக்கொண்டு போன நூற்றுக்கணக்கானோர் காணாமல் போனதைப் பார்த்துவிட்டு வந்தவர். இரவு கதவு தட்டுப்பட்டது. திறந்தால் சீருடை, சப்பாத்து, டோர்ச் லைட். அம்மம்மா கட்டிலுக்குப் பின்னால் போய்க் குந்திவிட்டார். “பெடியன் இல்லையெண்டு சொல்லு பிள்ளை” என்று மனைவியின் கையைப் பிடித்து நடுங்கினார். வந்த சிப்பாய்க்கு இருபது வயதிருக்கும். வயதானவர்கள் யாராவது குளிரில் இருக்கிறார்களா என்று பிரெஞ்சில் கேட்டான். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்த மூத்தவள் மொழிபெயர்த்தாள். கடைசியில் இரண்டு பேர் அம்மம்மாவைக் கதிரையோடு தூக்கி, மொன்றியல் வீடுகளுக்கே உரிய அந்த வெளிப்புற இரும்புப் படிகளில், பனிக்கட்டி மூடிய ஒவ்வொரு படியையும் காலால் தட்டிப் பார்த்துப் பார்த்து இறக்கினார்கள். அம்மம்மா கண்ணைத் திறக்கவே இல்லை. முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

இரண்டு நாட்டு வாழ்க்கைத் தரத்தை யார் ஒப்பிட்டாலும் எனக்கு அந்தப் படிதான் கண்ணுக்குள் நிற்கும். கரண்ட் இரண்டு இடத்திலும் போனது. போன பிறகு கதவைத் தட்டியவன் எதற்கு வந்தான் என்பதில்தான் வித்தியாசம் இருந்தது. இந்த நாட்டுக்கு நான் பட்ட கடன் அது, அதை எங்கேயும் சொல்வேன்.

அதற்காக இங்குள்ள குறையை மூடி மறைக்க மாட்டேன். பார்க் எக்ஸ்டென்ஷனுக்கும் பணக்கார மவுண்ட் ரோயலுக்கும் நடுவில், லகாடி பெருந்தெரு நெடுக, 1960இலிருந்து ஒரு வேலி நிற்கிறது. இரண்டு பக்கமும் கனடாதான், ஒரே சராசரிதான். 2019இல் பக்கத்திலேயே மொன்றியல் பல்கலைக்கழகம் புதிய வளாகத்தைத் திறந்த பிறகு வாடகை ஏறி, ஏழைக் குடும்பங்கள் வெளியேறிக்கொண்டிருக்கின்றன. குடும்ப வைத்தியர் கிடைக்க வருடக்கணக்காகக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அக்காவோ காய்ச்சல் என்றால் அன்றைக்கே டொக்ரரைக் கண்டுவிட்டு வருகிறார். யாழ்தேவி ரயில் 2014இல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவிட்டது, வீட்டில் கரண்ட் இருக்கிறது. 2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றதும் அதே அக்காதான்.

அந்த வருடம்தான் அவருடைய பேரன் போன் எடுத்தான். “தாத்தா, வளவை வித்து ஏஜென்சிக்குக் குடுத்துட்டு வரட்டோ?” கொழும்பில் அவனுக்கு வேலை இருக்கிறது, இரவில் அவனைத் தேடி இப்போது யாரும் வருவதில்லை. வளவை விற்காதே என்றேன். வரத்தான் வேண்டுமென்றால் முதலில் பிரெஞ்சு படி, படிப்பு விசாவுக்கோ வேலை விசாவுக்கோ நேர்வழியில் போடு, பத்திரங்களை நான் பார்க்கிறேன். என் காலத்தில் எனக்கு வேறு வழி இருக்கவில்லை, உனக்கு இருக்கிறது என்றும் சொன்னேன். அவன் யோசிக்கிறேன் என்றான். அக்கா போனை வாங்கி, வளவு தன்ர பேரில்தான் இருக்கு, தான் கையெழுத்து வைக்கப் போறதில்லை என்றார்.