நிதி நிறுவனம் தொடங்கவிருக்கும் தம்பிக்கு

வேலை கிடைக்கவில்லை என்று வருத்தப்படாதே தம்பி. ஒரு நிதி நிறுவனம் தொடங்கு. படிப்பு, அனுபவம், கைமுதல் மூன்றும் இல்லாமல் கோடி பார்க்கிற தொழில் நம் மாநிலத்தில் இரண்டுதான். இன்னொன்றில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நீ வீடு வீடாகப் போய்க் கும்பிட வேண்டும். இதில் ஜனங்களே தேடி வந்து உன்னைக் கும்பிடுவார்கள்.

பெயர் பாதி சாமி பெயராகவும் பாதி இங்கிலீஷாகவும் இருக்கட்டும். மாடியில் இரண்டு அறை, கண்ணாடிக் கதவு, ஏசி போதும். கம்பெனிப் பதிவுச் சான்றிதழ், ஜிஎஸ்டி, ஐஎஸ்ஓ எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டு. ஜிஎஸ்டி எண் மளிகைக்கடை அண்ணாச்சியிடமும் இருக்கிறது; ஊரார் பணத்தை டெபாசிட்டாக வாங்க அது அனுமதி ஆகாது. கம்பெனிப் பதிவும் ஆகாது. உனக்கு இது தெரிந்திருக்கட்டும், வருகிறவருக்குத் தெரிய வேண்டாம்.

என்ன வியாபாரம் என்று கேட்பார்கள். ஜனங்களுக்குப் பழக்கமில்லாத எதையாவது சொல். 1990களில் தேக்கு மரம் ஓடியது. பிறகு பெருந்துறையில் ஒரு மகானுபாவர் ஈமுவைப் பிடித்தார். யோசித்துப் பார், எவ்வளவு நுட்பம்! கோழி என்றால் அந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைகூட முட்டை என்ன விலை, தீவனம் மூட்டை என்ன விலை, லாபம் எவ்வளவு நிற்கும் என்று கணக்குக் கேட்கும். ஈமுவைப் பற்றி எவனுக்கு என்ன தெரியும்? ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு. கொட்டகை கம்பெனி போட்டுத் தரும், தீவனமும் கம்பெனியே தரும், மாதம் ஆறாயிரம் வீடு தேடி வரும். நிலத்தை விற்று, தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டினார்கள். நடிகர்கள் விளம்பரத்தில் வந்து கையைக் காட்டினார்கள். இந்தப் பறவையின் கறியை யார் வாங்குகிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. 2012 ஆகஸ்டில் முதலாளி தலைமறைவானார். தீவனமில்லாமல் பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசாங்கம் இரை போட்டது. கட்டியவர்களுக்கு யாரும் எதுவும் போடவில்லை.

வட்டியை அறிவிக்கும்போது கூச்சப்படாதே. 1920இல் பாஸ்டன் நகரத்தில் சார்லஸ் போன்சி என்பவர் 45 நாளில் 50 சதவீதம் லாபம் தருவதாகச் சொன்னார். உலகத்து மோசடிகளுக்கெல்லாம் அவர் பெயரை வைத்துவிட்டார்கள். நம்மவர்கள் சளைத்தவர்களா? 2022இல் அம்பலமான ஆருத்ரா என்ற கம்பெனியில் மாதத்துக்கு 30 சதவீதம் வரை சொன்னார்கள். ஒரு லட்சத்தை மாதம் 30 சதவீதத்தில் அப்படியே சுழலவிட்டால் ஒரு வருடத்தில் 23 லட்சம், இரண்டு வருடத்தில் கிட்டத்தட்ட ஐந்தரைக் கோடி, மூன்றாவது வருடம் 126 கோடி. இந்த வித்தை தெரிந்தவன் தன் ஒரு லட்சத்தோடு வீட்டில் படுத்துக்கொண்டே ஊரை விலைக்கு வாங்கலாமே, ஆரணிக்கும் செய்யாறுக்கும் கிளை திறந்து ரிட்டயர்டு வாத்தியாரின் பிஎஃப் பணத்துக்கு ஏன் அலைகிறான்? கவலைப்படாதே தம்பி, இதையும் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு லட்சம் பேருக்கு மேல் கேட்கவில்லை. போன பணம் 2,400 கோடிக்கு மேல் என்கிறது போலீஸ்.

முதல் நாலு மாதம் தேதி தவறாமல் பணம் போட்டுவிடு. பின்னால் வந்தவன் கொடுத்ததை எடுத்து முன்னால் வந்தவனுக்குக் கொடுப்பதுதானே, உனக்கென்ன நஷ்டம்! பணம் வந்த மெசேஜை அவன் மச்சினனிடம் காட்டுவான், மச்சினன் சகலையிடம் காட்டுவான். ஏஜென்டாக ரவுடியைப் போடாதே. ஊரில் நல்ல பேர் எடுத்தவராகப் பார்: பள்ளிக்கூட வாத்தியார், ராணுவத்திலிருந்து வந்தவர், போலீஸ்காரர். அவர் சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்து, "அண்ணி, எங்கம்மா நகையை வச்சுத்தான் நானே போட்டிருக்கேன். நான் இருக்கேன்ல?" என்பார். அந்த 'நான் இருக்கேன்ல'வுக்கு உன்னிடம் அவர் வாங்கும் கமிஷன் அண்ணிக்குத் தெரியாது.

பத்திரிகைக்கு முழுப்பக்க விளம்பரம் கொடு. நீ கைதானால் அதே பத்திரிகை ஏழாம் பக்கத்தில் இரண்டு பத்தி போடும். அதற்குக் காசு கேட்காது. கிளைத் திறப்புக்கு நடிகரைக் கூப்பிடு, கட்சிக்காரரைக் கூப்பிடு. பின்னால் கேட்டால், ரிப்பன் வெட்டியதோடு சரி, வேறெதுவும் தெரியாது என்பார்கள். ரிப்பன் வெட்ட வாங்கிய பணம் யாருடையது என்பதும் தெரியாது.

சட்டத்துக்குப் பயப்படுகிறாயா? முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று 1997இலேயே தமிழ்நாடு சட்டம் போட்டது. பொருளாதாரக் குற்றப்பிரிவு இருக்கிறது, தனி நீதிமன்றம் இருக்கிறது, 2019இல் மத்திய அரசும் ஒரு சட்டம் போட்டது. ஆனால் போஸ்டர் ஒட்டும்போது எவரும் வரமாட்டார்கள், புகார் வரவேண்டுமாம். மாதாமாதம் பணம் வரும்வரை எவன் புகார் கொடுப்பான்? நின்ற பிறகும் கொடுக்கவிடாதே. "சர்வர் மாத்துறோம்", "அக்கவுன்ட்டை முடக்கிட்டாங்க, புகார் கொடுத்தா வர்ற பணமும் வராது" என்று ஏஜென்டை விட்டுச் சொல்லச் சொல். அதற்குள் துபாய் டிக்கெட் கிடைத்துவிடும். திருப்பூரில் 2009இல் கவிழ்ந்த ஃபாரெக்ஸ் கம்பெனி வழக்கில் தீர்ப்பு வந்தது 2022இல். 27 வருடம் சிறை, 171 கோடிக்கு மேல் அபராதம், கடுமைதான். நடுவில் போன 13 வருடத்தில் பணம் போட்டவர்களில் எத்தனை பேர் உயிரோடிருந்தார்களோ. அந்த வழக்கில் கம்பெனிக்காரர்களை மிரட்டிப் பணம் பறித்ததாக ஒரு ஐஜியையே சிபிஐ கைது செய்தது. வேலி மேய்ந்தால் பயிர் எவரிடம் புகார் கொடுக்கும்?

போதும் தம்பி, நீ போய்வா. உன்னைவிட எனக்கு ஆத்திரம் வேறு சிலர்மேல்.

ஒவ்வொரு முறையும் கம்பெனி கவிழ்ந்ததும் டீக்கடையிலிருந்து டிவி வரை ஒரே குரல்: "பேராசை பெருநஷ்டம்." மகள் கல்யாணத்துக்கு மூன்று லட்சம் குறைந்ததால் போய் மாட்டிக்கொண்டவளுக்கு இந்தப் பழமொழி. விளம்பரத்தில் முகத்தை வாடகைக்கு விட்டவனுக்கு இல்லை. விளம்பரக் காசு வாங்கிய பத்திரிகைக்கு இல்லை. கமிஷன் வாங்கிய வாத்தியாருக்கும், தெருமுனையில் அந்தப் போர்டைத் தினமும் பார்த்துக்கொண்டே போன அதிகாரிக்கும் இல்லை. அவர்களுடையதெல்லாம் ஆசை, இவளுடையது மட்டும் பேராசை. வாங்கிய காசை ஒருவராவது திருப்பிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

சொந்தக்காரர் யாராவது இந்த மாதிரிப் பேச்சோடு வந்தால் காபி கொடுங்கள். டெபாசிட் வாங்க அந்தக் கம்பெனிக்கு ரிசர்வ் வங்கி கொடுத்த சான்றைக் கேளுங்கள். 'சச்சேத்' என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி இதற்காகவே வைத்திருக்கிறது. கம்பெனி பெயரைத் தேடலாம், புகாரும் கொடுக்கலாம். முறைப்படி அனுமதி பெற்ற நிதி நிறுவனம்கூட டெபாசிட்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக்கூடாது. அது ஒரு வருடத்துக்கு.