அப்டேட் என்னும் அருட்பிரசாதம்

நன்றாக ஓடும் கணினியைக் கெடுக்க வைரஸால்தான் முடியும் என்று நம்புவோர் 2018 அக்டோபரை நினைத்துப் பார்க்கலாம். 2ஆம் தேதி வெளியான விண்டோஸ் 10 அப்டேட், சிலருடைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையே துடைத்துவிட்டது. நான்கே நாளில் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்தது. வேடிக்கை என்னவென்றால், முன்னோட்டப் பதிப்பை ஓட்டிப் பார்த்தவர்கள் சிலர் இதே கோளாறை முன்பே மைக்ரோசாஃப்ட்டுக்கு எழுதியிருந்தார்கள். மற்ற பயனர்களின் ஆதரவு ஓட்டு போதிய அளவு விழாததால் புகார் யார் கண்ணிலும் படவில்லை. ஃபைல் தொலைந்தவன் பிரசாரத்துக்கும் போக வேண்டும் போலிருக்கிறது. பரிசோதகர் வேலையை வாடிக்கையாளருக்கே கொடுத்து, சம்பளத்தை மட்டும் மிச்சம் பிடித்த ஏற்பாடு இது.

அப்படியானால் அப்டேட்டே வேண்டாமா என்றால், அதுவும் ஆபத்துதான். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை பரவியபோது, அதைத் தடுக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். ஆனால் பாதுகாப்புத் திருத்தம் வேறு, புதுப் பொத்தானும் அலங்காரமும் வேறு. முன்னதை உடனே போடுங்கள். பின்னதை, அவசரக்காரர்கள் ஒரு மாதம் சோதித்துத் தரட்டும். நீலத் திரையில் சோக முகம் வந்துவிட்டால், திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்வதை விட்டு, சேஃப் மோடில் நுழைந்து கடைசி அப்டேட்டை நீக்கிப் பாருங்கள். பெரிய அப்டேட்டிலிருந்து பழையபடி திரும்ப விண்டோஸ் வழக்கமாகத் தருவது 10 நாள் அவகாசம்தான்.